ஃபுளோரினைக் கண்ட பெருந்தகை ஆன்ரி முவாசான்

(பத்தாம் வகுப்பு மாணவி)

நாம் உண்ணும் உப்பில் குளோரின் இருக்கிறது. காயத்தில் தடவும் டிஞ்சரில் அயோடின் இருக்கிறது. பல் துலக்கும் பற்பசை பலவற்றில் ஃபுளோரின் கலந்த ஒரு சேர்மம் இருக்கிறது. இம்மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த உடன்பிறப்புகள் என்று நமது வேதியியல் பாடம் கூறுகிறது. ஆனால் அந்தக் குடும்பத்தின் தலைமகளாகிய ஃபுளோரினைத் தனியே பிரித்துக் காண்பதற்காக மனிதர்கள் பட்ட துன்பத்தையும், சிலர் தம் உயிரையே கொடுத்ததையும் பாடநூலின் சில வரிகளுக்குள் அடக்க முடியாது. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் பல நாட்டு அறிஞர்களுக்கும் பிடிகொடாதிருந்த அத்தனிமத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் பிரெஞ்சு நாட்டு வேதியியல் மேதை ஆன்ரி முவாசான் ஆவார். அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

உப்பீனிக் குடும்பம்

தனிம வரிசை அட்டவணையின் பதினேழாம் தொகுதியில் மேலிருந்து கீழாக ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின், அஸ்டட்டீன் என்னும் தனிமங்கள் நிற்கின்றன. உலோகங்களுடன் சேர்ந்து உப்புகளை உண்டாக்குவதால் இவற்றிற்கு ஹாலஜன்கள் என்றும், தமிழில் உப்பீனிகள் என்றும் பெயர். ஃபுளோரின் வெளிர்மஞ்சள் நிற வாயு. குளோரின் பசுமஞ்சள் நிற வாயு. புரோமின் செம்பழுப்பு நிறத் திரவம். அயோடின் கருஞ்சாம்பல் நிறப் படிகம். சூடேற்றினால் அழகிய ஊதா நிற ஆவி எழும். அஸ்டட்டீன் இயற்கையில் மிக மிக அரிது. 1940-இல் செயற்கையாகவே அது முதலில் உண்டாக்கப்பட்டது. 2010-இல் உண்டாக்கப்பட்ட டென்னசின் என்னும் தனிமமும் இதே தொகுதியில் கடைசியாக இடம்பெற்றுள்ளது.

தோற்றத்தில் வேறுபட்ட இவற்றை ஒரே குடும்பமாக்குவது எது? இவற்றின் அணுக்களில் வெளிவட்டத்தில் ஏழு எலக்ட்ரான்கள் உள்ளன. எட்டு நிறைந்தால்தான் அணு அமைதி அடையும். ஆகவே ஒவ்வோர் உப்பீனியும் குறையாக உள்ள அந்த ஓர் எலக்ட்ரானைப் பிற தனிமத்திடமிருந்து பெறத் துடிக்கிறது. அணு சிறியதாக இருந்தால் உட்கரு வெளிவட்டத்திற்கு அருகில் இருக்கும், ஈர்ப்பும் மிகும். எனவே இக்குடும்பத்தில் மேலே செல்லச் செல்ல வேகம் கூடுகிறது. புரோமைடு உப்புக் கரைசலில் குளோரினைச் செலுத்தினால், குளோரின் புரோமினை வெளியே தள்ளிவிட்டுத் தான் அவ்விடத்தில் அமர்ந்துகொள்கிறது. புரோமினோ அயோடினைத் தள்ளுகிறது. மூத்தவள் இளையவளைத் தள்ளலாம். இளையவளால் மூத்தவளை அசைக்க இயலாது.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. குடும்பத்தின் உச்சியில் இருக்கும் ஃபுளோரினைத் தள்ளுவதற்கு அதைவிட வலிமை மிக்க தனிமம் எது? ஒன்றும் இல்லை!

உயிர்ப்பலி கொண்ட தனிமம்

ஃபுளோர்ஸ்பார் என்னும் கனிமத்தைப் பழங்காலத்திலேயே உலைக்களத்தில் வேலை செய்தவர்கள் அறிந்திருந்தனர். தாதுக்களுடன் அதைச் சேர்த்தால் அவை எளிதில் உருகி ஓடும். ஓடுதல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்தே அதன் பெயர் பிறந்தது. சுவீடன் நாட்டு ஷீலே 1771-இல் அக்கனிமத்தைக் கந்தக அமிலத்துடன் சேர்த்து ஆராய்ந்து, கண்ணாடியையே அரிக்கும் புதிய அமிலம் ஒன்றைக் கண்டார். அதுவே ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். அதனுள் குளோரினைப் போன்ற ஒரு தனிமம் மறைந்திருக்க வேண்டும் என்று ஆம்பியர் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஊகித்து, இங்கிலாந்தில் இருந்த ஹம்பிரி டேவிக்குக் கடிதம் எழுதினார்.

குளோரினை 1774-இல் ஷீலே பெற்றுவிட்டார். கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினை 1811-இல் கூர்த்துவா கண்டார். புரோமினை 1826-இல் பலார் அறிவித்தார். ஃபுளோரின் மட்டும் யாருக்கும் அகப்படவில்லை. அதன் அமிலம் மிகக் கொடியது. தோலின் வழியே உள்ளே ஊடுருவி எலும்பில் உள்ள கால்சியத்தையும் பற்றக்கூடியது. பட்டவுடன் சில வேளைகளில் வலியே தெரியாது. பிறகுதான் வேதனை தொடங்கும். அதன் ஆவியோ நுரையீரலைப் புண்ணாக்கும்.

டேவி முயன்று உடல்நலம் கெட்டார். அயர்லாந்தைச் சேர்ந்த நாக்ஸ் சகோதரர் இருவரும் கடும் நஞ்சேறித் துன்புற்றனர். ஒருவர் மரணத்தின் வாயில் வரை சென்று மீண்டார். பெல்ஜியம் நாட்டு லூயே இவ்வாராய்ச்சியிலேயே உயிர் துறந்தார். பிரான்சின் நான்சி நகரப் பேராசிரியர் நிக்லெஸும் 1869-இல் அவ்வாறே மாண்டார். அறிவியல் வரலாற்றில் இவர்களை ஃபுளோரினின் தியாகிகள் என்று அழைப்பார்கள். இத்தனை பேர் வீழ்ந்த பாதையில் துணிந்து நடந்தவர்தான் முவாசான்.

பிறப்பும் இளமையும்

ஆன்ரி முவாசான் 1852-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் கிழக்கு ரயில்வே நிறுவனத்தில் பணியாற்றினார். தாயார் துணி தைத்துக் குடும்பத்திற்கு உதவினார். 1864-இல் குடும்பம் மோ என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்த பள்ளியில் ஆன்ரி பயின்றார். ஆனால் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்குத் தேவையான பட்டம் பெறாமலேயே 1870-இல் பள்ளியை விட்டு நீங்க நேர்ந்தது.

பிற்காலத்தில் நோபல் பரிசு பெறப்போகும் அவ்விளைஞர் கடிகாரம் செய்யும் தொழிலைப் பழகச் சென்றார் என்றால் நம்ப முடிகிறதா? அதே ஆண்டில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. முவாசானும் படையில் சேர்ந்து பாரிஸ் நகரைக் காக்கும் பணியில் ஈடுபட்டார். போர் முடிந்தபின் 1871-இல் பாரிசில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். அங்கு இருந்தபோது ஆர்செனிக் நஞ்சு உண்ட ஒருவரைத் தக்க மாற்று மருந்து கொடுத்துக் காப்பாற்றினார்.

வேதியியலின்மீது கொண்ட ஆர்வம் அவரை மீண்டும் கல்வியின் பக்கம் இழுத்தது. பாரிஸ் இயற்கை வரலாற்றுக் காட்சியகத்தில் ஃபிரேமி என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். இந்த ஃபிரேமியும் ஃபுளோரினைப் பிரிக்க முயன்று தோற்றவர். முவாசான் வேலைக்கு இடையே படித்து, 1874-இல் விடுபட்ட தேர்வில் தேறினார். 1879-இல் மருந்தாளர் பட்டமும், 1880-இல் முனைவர் பட்டமும் பெற்றார். படிப்பு தடைப்பட்டுவிட்டதே என்று அவர் சோர்ந்து உட்கார்ந்திருந்தால் உலகம் ஒரு மேதையை இழந்திருக்கும் அன்றோ?

1882-இல் லியோனி லுகான் என்னும் மங்கையை மணந்தார். அவருடைய தந்தை மோ நகரில் மருந்தாளராக இருந்தவர். மருமகன் வருமானத்தைப் பற்றிக் கவலையின்றி ஆராய்ச்சி செய்ய அவர் பெரிதும் துணைபுரிந்தார். 1885-இல் இவர்களுக்கு லூயி என்னும் மகன் பிறந்தான்.

போராட்டம்

1884 முதல் முவாசான் ஃபுளோரின் ஆராய்ச்சியில் முழுமையாக இறங்கினார். முதலில் பாஸ்பரஸும் ஆர்செனிக்கும் ஃபுளோரினுடன் சேர்ந்த சேர்மங்களைக் கொண்டு முயன்றார். பயனில்லை. நஞ்சு உடலில் ஏறி, ஆராய்ச்சியைப் பலமுறை இடையில் நிறுத்த நேரிட்டது. உடல் தேறியதும் மீண்டும் ஆய்வுக்கூடத்திற்கு வந்தார்.

வேறு தனிமத்தால் தள்ள முடியாத ஃபுளோரினை மின்சாரத்தால் மட்டுமே பிரிக்க முடியும் என்று அவர் தெளிந்தார். ஆனால் அதிலும் இரண்டு இடர்கள் இருந்தன. அமிலத்தில் நீர் இருந்தால், மின்சாரம் செலுத்தும்போது ஃபுளோரினுக்குப் பதிலாக நீரிலுள்ள ஆக்சிஜனே வெளிவருகிறது. நீரை அறவே நீக்கிவிட்டாலோ அமிலம் மின்சாரத்தைக் கடத்துவதே இல்லை! நீர் இருந்தாலும் தோல்வி, இல்லாவிட்டாலும் தோல்வி.

இந்த முடிச்சை முவாசான் அவிழ்த்த விதம் போற்றத்தக்கது. நீரற்ற ஹைட்ரஜன் ஃபுளோரைடில், பொட்டாசியம் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்னும் உப்பைக் கரைத்தார். அக்கரைசலில் நீரும் இல்லை. உப்பின் அயனிகள் இருப்பதால் மின்சாரமும் பாய்ந்தது.

அடுத்து, எதையும் அரிக்கும் ஃபுளோரினை எந்தப் பாத்திரத்தில் பிடிப்பது? கண்ணாடி உதவாது. எளிதில் எதனுடனும் சேராத பிளாட்டினத்தால் வளைந்த குழாய் ஒன்றைச் செய்வித்தார். பிளாட்டினமும் இரிடியமும் கலந்த உலோகத்தால் மின்வாய்களை அமைத்தார். குழாயின் வாயை அடைக்கும் மூடிகளுக்கு ஃபுளோர்ஸ்பாரையே கடைந்து பயன்படுத்தினார். ஏற்கெனவே ஃபுளோரினால் நிறைவுற்ற அக்கனிமத்தை ஃபுளோரின் மேலும் தாக்காது என்பது அவருடைய நுட்பமான எண்ணம். ஹைட்ரஜன் ஃபுளோரைடு 19.5 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். ஆகவே மெதில் குளோரைடைக் கொண்டு சாதனம் முழுவதையும் சுழிக்குக் கீழே வெகுவாகக் குளிர்வித்தார்.

1886-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26-ஆம் நாள். முவாசான் மின்சாரத்தைச் செலுத்தினார். எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் வெளிப்பட்டது. நேர்மின்வாயிலிருந்து வந்த வாயுவைச் சிலிக்கான் தூளின்மேல் படவிட்டார். குளிர்ந்திருந்த சிலிக்கான் உடனே தீப்பற்றி ஒளிவிட்டு எரிந்தது! அவ்வாயுவே ஃபுளோரின். அப்போது அவருக்கு வயது 33.

சோதனை நாள்

இச்செய்தி இரண்டு நாளில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் அறிவிக்கப்பட்டது. முன்பும் பலர் ஃபுளோரினைக் கண்டதாகச் சொல்லிப் பின்னர் அது தவறென்று தெரிந்திருந்தது. எனவே கழகம் பெர்த்தலோ, தெப்ரே, ஃபிரேமி ஆகிய மூன்று பேரறிஞர்களை நேரில் பார்த்துவர அனுப்பியது. இவர்களுள் ஃபிரேமி முவாசானின் ஆசிரியர் என்பதை முன்பே கண்டோம்.

பெரியோர் வருகிறார்கள் என்று முவாசான் வழக்கத்தைவிட மிகுந்த கவனத்தோடு அமிலத்தைத் தூய்மை செய்து வைத்தார். மூவரும் வந்து அமர்ந்தனர். மின்சாரம் செலுத்தப்பட்டது. ஆனால் ஃபுளோரின் வரவில்லை! மீண்டும் முயன்றார், அப்போதும் வரவில்லை. வந்தவர்கள் எதையும் காணாமலே திரும்பிச் சென்றனர்.

அவர் மனம் எப்படித் தவித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் அவர் சாதனத்தைக் குறை கூறவும் இல்லை, சலித்து ஒதுங்கவும் இல்லை. என்ன நடந்தது என்று அமைதியாக ஆராய்ந்தார். காரணம் விளங்கியது. முந்திய சோதனைகளில் அமிலத்தோடு ஓரளவு பொட்டாசியம் உப்பும் கலந்து வந்திருந்தது. அதுவே மின்சாரத்தைக் கடத்தியது. இம்முறையோ மிகையாகத் தூய்மை செய்ததால் அந்த உப்பு இல்லாமற் போய்விட்டது. தூய்மையே தடையாயிற்று! மறுநாள் தேவையான உப்பைச் சேர்த்துச் சோதனையை நடத்தினார். ஃபுளோரின் தாராளமாக வெளிப்பட்டது. அறிஞர் மூவரும் கண்டு உறுதி செய்தனர். தாம் அடைய முடியாத வெற்றியைத் தம் மாணவர் அடைந்ததைக் காணும் பேறு ஃபிரேமிக்குக் கிடைத்தது.

முதல் நாளின் தோல்விதான் இச்சோதனை எவ்வாறு நடைபெறுகிறது என்னும் உண்மையைத் தெளிவாகக் காட்டியது என்பதை நாம் மறக்கலாகாது.

பின்னர் வந்த பணிகள்

அவ்வாண்டிலேயே பாரிஸ் மருந்தியல் உயர்பள்ளியில் நஞ்சியல் பேராசிரியர் பதவி முவாசானுக்குக் கிடைத்தது. 1891-இல் அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். 1897-இல் ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் டூவருடன் சேர்ந்து ஃபுளோரினைத் திரவமாக்கினார். அது கொதிக்கும் வெப்பநிலை சுழிக்குக் கீழே 188 பாகை! 1900-இல் சொர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

1892-இல் அவர் மின்வில் உலை ஒன்றை அமைத்தார். சுண்ணாம்புக் கல்லால் ஆன சிறிய உலையில் இரண்டு கரித்தண்டுகளிடையே மின்பொறியை எழுப்பி 3000 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தை உண்டாக்கினார். அதுவரை உருக்க முடியாதிருந்த பல பொருள்கள் அதில் உருகின. அதே உலையில் கரியை உருகிய இரும்பில் கரைத்துத் திடீரெனக் குளிர்வித்து, 1893-இல் செயற்கை வைரம் செய்ததாக அறிவித்தார். ஆனால் பின்வந்தோர் அம்முறையில் வைரத்தைப் பெற இயலவில்லை. வைரம் உருவாகத் தேவையான அழுத்தம் அவ்வுலையில் இல்லை என்று இன்று அறிகிறோம். மேதைகளின் முடிவுகளையும் மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்ப்பதுதான் அறிவியலின் நெறி.

எனினும் வைரத்தை நாடிய ஆர்வம் வேறொரு பயனைத் தந்தது. அமெரிக்காவில் விழுந்த விண்கல் ஒன்றை ஆராய்ந்தபோது, அதில் சிலிக்கான் கார்பைடு படிகங்களை அவர் கண்டார். வைரத்தைப் போல் மின்னும் அக்கனிமத்திற்கு 1905-இல் அவருடைய பெயராலேயே முவாசானைட் என்று பெயரிட்டனர். இன்றும் நகைக்கடைகளில் செயற்கையாகச் செய்த முவாசானைட் கற்கள் விற்கப்படுகின்றன.

பரிசும் மறைவும்

ஃபுளோரினைப் பிரித்ததற்காகவும், மின்வில் உலைக்காகவும் 1906-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு முவாசானுக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டு அப்பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட மற்றொரு பெரியவர், தனிம வரிசை அட்டவணையை வகுத்த ரஷ்ய அறிஞர் மெண்டலீவ். அட்டவணையை வகுத்தவர் பரிசு பெறவில்லை. அதில் ஓர் இடத்துக்குரிய தனிமத்தைப் பிரித்துக் காட்டியவர் பெற்றார். ஆனால் காலன் இருவரையும் ஒருசேர அழைத்துக்கொண்டான். மெண்டலீவ் 1907 பிப்ரவரி 2-ஆம் நாள் மறைந்தார். சுவீடனில் பரிசு பெற்றுத் திரும்பிய முவாசான் குடல்வால் அழற்சி நோயால் தாக்கப்பட்டு, அதே மாதம் 20-ஆம் நாள் பாரிசில் இயற்கை எய்தினார். அவருக்கு வயது 54 மட்டுமே. ஆண்டுக்கணக்கில் நச்சு ஆவிகளிடையே உழைத்தது அவர் உடல்நலத்தைப் பெரிதும் குன்றச் செய்திருந்தது.

அவருடைய ஒரே மகன் லூயி 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் போர்க்களத்தில் உயிர் நீத்தார். பெற்றோர் நினைவாக மருந்தியல் மாணவர்களுக்குப் பரிசுகள் வழங்குமாறு தம் செல்வத்தை அவர் எழுதி வைத்திருந்தார். தந்தையின் பெயரால் ஒரு பரிசு, தாயின் குடும்பப் பெயரால் ஒரு பரிசு.

ஃபுளோரினால் நாம் பெற்றவை

முவாசான் மறைந்தபின் ஃபுளோரின் வேதியியல் பெரிதாக வளர்ந்தது. 1938-இல் கண்டறியப்பட்ட டெஃப்லான், அடுப்பில் வைத்தால் தோசை ஒட்டாத கல்லின் மேற்பூச்சாக நம் சமையலறைக்கே வந்துவிட்டது. மருந்துகள் பலவற்றில் ஃபுளோரின் அணு இடம்பெறுகிறது.

அளவு மிஞ்சினால் அமுதமும் நஞ்சாகும் என்பதற்கும் ஃபுளோரினே சான்று. சிறிதளவு ஃபுளோரைடு பல்லைக் காக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஆகக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால், பற்களில் கறை படிந்தும் எலும்புகள் பாதிக்கப்பட்டும் மக்கள் துன்புற்றனர். அவர்களுக்குக் காவிரி நீரை வழங்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

தோழியரே! தேர்வில் ஃபுளோரினின் அணு எண் ஒன்பது என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் லூயேயும் நிக்லெசும் நீத்த உயிர்கள் இருக்கின்றன. நாக்ஸ் சகோதரர்களின் வேதனை இருக்கிறது. தையல் வேலை செய்த ஒரு தாயின் மகன் இடையில் நின்ற படிப்பைத் தொடர்ந்து பெற்ற வெற்றி இருக்கிறது. பெரியோர் முன்னிலையில் தோற்ற அன்றும் காரணத்தைத் தேடிய அவருடைய பொறுமையை இறைவன் நமக்கும் அருள்வாராக. ஆய்வுக்கூடத்தில் நமது சோதனை சரியாக வராத நாளில், அண்டை மேசைத் தோழியின் விடையைப் பார்த்து எழுதாமல், ஏன் வரவில்லை என்று ஒரு நிமிடம் சிந்திப்போமானால் அதுவே நாம் முவாசானுக்குச் செலுத்தும் நன்றியாகும்.

வாழ்க அவர்தம் புகழ்!